கிட

பள்ளத்தூரில் கேஸ் ஏஜென்சியில் பில் போடுகிறேன்.
எனக்கு வந்து சேர்ந்த சிப்பிப்பாறைக்கு
ரசீது என்று பெயர்.
வந்த அன்றே ஒரு கட்டைத் தின்றது.

முதலில் ‘படு’ என்றுதான் பழக்கினேன்.
படு வெயில், என்றார் சிலிண்டர் இறக்கும் சிக்கந்தர்.
படுத்தது.
படு மோசம், என்றது டி.வி.
படுத்தது.
எதிர்வீட்டுக் கல்யாணத்தில்
சாப்பாடு படு ஜோர் என்று யாரோ ஏப்பம் விட
பந்திக்கு நடுவில் படுத்தது.

சொல்லை மாற்றினேன்.
கிட.
படுப்பது ஒரு நொடி.
கிடப்பது அதற்குப் பிறகு வருவதெல்லாம்.
திருக்கோஷ்டியூர்ப் பெருமாளும்
நின்றும் இருந்தும் கிடந்தும்தான்.
போட்டி விதியிலும் அதே மூன்று.
அவர் முன்னால் யாரும்
ஸ்டாப்வாட்ச் பிடிப்பதில்லை.

அது படுத்திருந்ததைப் பார்க்க வேண்டும் நீங்கள்.
முன்கால்கள் நேராக,
பின்கால்கள் அடியில் மடங்கி,
முதுகு இழுத்த நாண்.
அழகுதான். கோளாறே அந்த அழகில்தான்.
ஓட்டத்தைத் தரைமட்டத்துக்கு
இறக்கி வைத்திருந்தது, அவ்வளவே.
ஒரு அணில் போதும்.

ஒரு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நானும் அப்படியே படுத்துப் பார்த்தேன், முழங்கை ஊன்றி.
ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியெல்லாம்
நாற்பது எண்ணும் வரை.
பிறகு முட்டி. பிறகு இடுப்பு.
பிறகு எழுந்துவிட வேண்டும் என்ற
ஒரே நினைப்பு.
சிக்கந்தர் குனிந்து பார்த்தார்:
‘ஏதாச்சும் விழுந்துருச்சாம்மா?’
ஆமாம் என்றேன்.
அவரும் கொஞ்ச நேரம் தேடினார்.

எனக்காவது சதை உண்டு.
அதற்கு முழங்கையில் தோல், உடனே எலும்பு.

அன்றிலிருந்து கருவாட்டுத் துண்டை
மூக்கில் காட்டி
தோள் பக்கமாக மெல்ல வளைப்பேன்.
கழுத்து திரும்பும்,
விலா திரும்பும்,
இடுப்பு ஒருபக்கம் சரிந்து
பின்கால் இரண்டும் வெளியே வந்து விழும்,
பூட்டுத் திறந்தாற்போல்.
கருவாடு அப்போதுதான்.
அசையாததற்கு இல்லை, சரிந்ததற்கு.

நாலாக மடித்த சாக்கில் தொடங்கினோம்.
வாரத்துக்கு ஒரு மடிப்பைத் திருடினேன்.
பிறகு வெறும் சிமெண்ட்.
பிறகு ஊருணிக் கரைச் செம்மண்,
நெருஞ்சி பொறுக்கியது நான்.
பத்தடி போய்த் திரும்பினேன்.
இருபது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்.
நடுவில் தேவகோட்டை பஸ்.
பஸ் கடந்தது. அது கிடந்தது.

காரைக்குடியில் ஒரு பள்ளி மைதானம்.
எட்டு நாய்கள் வரிசையாக.
நாங்கள் எட்டுப் பேரும்
ஷாமியானாத் துணிக்குப் பின்னால்.
மூன்று நிமிடம்.

துணிக்கு இந்தப் பக்கம்
லாப்ரடார் அடைக்கப்பன் எச்சில் விழுங்குவது கேட்டது.
பல் டாக்டர் தேனாள்
செருப்பைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
நான் வண்டிச் சாவியை விரலில் சுற்றி
இரண்டு தடவை கீழே போட்டேன்.
எங்களுக்கு வைத்திருந்தால்
ஒருத்தரும் தேறியிருக்க மாட்டோம்.

மைக்கில் யாரோ,
‘கூட்டம் படு அமைதி, ரொம்ப நன்றி’ என்றார்.
நல்லவேளை,
ஏற்கெனவே படுத்திருந்தது.

திரும்பி வந்தபோது
ஏழு தலைகள் நிமிர்ந்திருந்தன.
ரசீது, கன்னம் மண்ணில் பதியத்
தூங்கிக்கொண்டிருந்தது.
முன்கால் ஒன்று உதறி உதறி
எந்தப் பொட்டலிலோ முயல் துரத்தியது.

கால் அசையுதே, என்றார் நடுவர்.
அது இந்த இடத்துல இல்லைங்க, என்றேன்.
கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு
அரை மார்க் அடித்தார்.

இன்னொரு அரை போனது
எழுப்பும் சொல்லை
நான் தாமதித்ததற்கு.