எவ்வளவு தர வேண்டும்

இந்த அலமாரியின் முதுகில் ஏழு வில்லைகள்.
பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை.
ஏழு இடமாற்றம், ஏழு லாரி,
ஒவ்வொன்றிலும் இதற்கு வேறு எண்.
எட்டாவது வராது.
கோரினின் ஓய்வுக் கடிதம் வந்த அன்று
சுரண்டி எடுக்கலாமென்று கத்தியோடு குந்தினேன்.
கால் மரத்துப் போகும்வரை
குந்தியே இருந்தேன்.

பெட்டவாவாவில் எல்லா வீடும் ஒரே வீடு.
கண்ணைக் கட்டிவிட்டாலும்
யார் வீட்டிலும் விளக்குப் பொத்தான் கைக்கு அகப்படும்,
வலப்பக்கம், தோள் உயரம்.
ஒரு பனிப்புயலில் ஷெல்டன் உள்ளே வந்து
பூட்ஸைக் கழற்றி, ஃபிரிட்ஜைத் திறந்து
பாலைக் குடித்த பிறகுதான்
சோபாவின் நிறத்தைக் கவனித்தான்.
"தப்பு வீடா?"
"உட்கார்" என்றேன்.

காலைக் காப்பிக்குப் பதினொரு மனைவிகள்,
ஒரு கணவன்.
முதல் வாரம் எனக்குப் பூப்போட்ட கோப்பை,
விருந்தாளி என்று.
மூன்றாம் வாரம் விளிம்பு உடைந்தது வந்தது.
அன்று வீடு திரும்பும் வழியெல்லாம்
சீட்டியடித்தேன்.

கோரின் கந்தஹாரில் இருந்த குளிர்காலம்
சின்னவளோடு நான் ஆஸ்பத்திரியில்.
பெரியவனைத் தூக்கிப்போன ஃபிலோமினா
இரவு ஃபோனில் சொன்னாள்:
"என் பிள்ளைகள் மூன்று.
படுக்கையில் எண்ணினால் நாலு தலை.
கணக்கு சரியாக இருக்கிறது, தூங்கு."

பாதிரியாரின் சாம்பல்நிறக் கார்
எங்கள் தெருவுக்குள் மெதுவாகத் திரும்பியது ஒரு செவ்வாய்.
எல்லா ஜன்னலிலும் திரை அசைந்தது.
என் வாசலைத் தாண்டியது.
நான் விட்ட அந்த மூச்சுக்கு
இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.
வெரோனிக் வீட்டில் நின்றது.
அவள் கதவைத் திறக்குமுன்
தெருவே வெளியில் நின்றோம்,
கோட்டு இல்லாமல், ஒருத்தி கையெல்லாம் மாவோடு.
அந்த மாதம் முழுக்க அவள் வாசலில்
விடிவதற்குள் பனி அள்ளப்பட்டிருந்தது.
யாரென்று கேட்டால்
யாருக்கும் தெரியாது.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.
சுவர் மெல்லிசு.
யார் யாரோடு பேசவில்லை என்பது
மதியத்துக்குள் ஊருக்கே தெரியும்.
உத்தரவு வந்தால் ஒரே மாதத்தில்
உயிருக்குயிரானவர்கள் காலி செய்வார்கள்.
கிறிஸ்துமஸ் அட்டை இரண்டு வருஷம் வரும்.
பிறகு வராது.

கோரினுக்கு விழா எடுத்தார்கள்,
பெயர் பொறித்த பலகை, கைகுலுக்கல், கேக்.
நான் சேரவே இல்லையே.
சேராதவன்
எதிலிருந்து ஓய்வு பெறுவது?

இப்போது சட்பரியில் சொந்த வீடு.
இங்கே பொத்தான் இடப்பக்கம்.
இரண்டு வருஷமாகிறது,
இருட்டில் என் கை இன்னும்
வலப்பக்கச் சுவரைத் தடவுகிறது.

நேற்றிரவு முழங்கால் அளவு பனி.
நாலரைக்கே விழிப்பு.
எங்கள் வாசலை அள்ளி முடித்தும் கை நிற்கவில்லை.
எதிர்வீட்டு வாசலையும் அள்ளினேன்,
அவர் காரைச் சுற்றிலும், படிகளையும்.
கதவு திறந்தது.
ராத்திரி உடுப்பில் அவர், கையில் பர்ஸ்.
"எவ்வளவு தர வேண்டும்?"

நல்ல மனிதர்தான்.
மூச்சுப் புகைய நின்றார்.
வேண்டாமென்றால்
அவருக்குப் பயமாகிவிடும் போலிருந்தது.

சமையலறை மேஜையில் இருபது டாலர்.
கோரின் தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
சிரித்தாள், நெடுநேரம்,
பிறகு சிரிப்பு எங்கோ நின்றுபோனது.
"அவர் பேர் என்ன?"
தெரியாது.
"படிவரை அள்ளிவிட்டுப்
பேர் கேட்காமல் வந்தாயா?"

ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் விரித்தாள்,
பக்கத்தில் தன்னுடையதையும்.
வானொலி இன்றிரவும் பனி என்றது.
நாலரைக்குத் தன்னை எழுப்பச் சொன்னாள்.
தாளை நான் என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்,
திருப்பித் தர வேண்டுமென்றால்
கதவைத் தட்டித்தானே ஆகவேண்டும்.