இருபத்துநாலும் பன்னிரண்டும்

பஞ்சிகாவத்தையில் காலை எட்டரைக்கே
பாதி வீதியை அடைத்து நின்றது
வீடாக்கிய பழைய ரோசா பஸ்.
உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, பூப்போட்ட சீலை.
பின்னால் இரும்புச் சட்டத்தில் கோத்த
வெள்ளை மாருதி.

"பாஸ் எங்கே?" என்றார் டெக்ஸ்டர்.
"நான்தான்" என்றேன், டெஸ்டரைக் காட்டி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவராம்,
உயரத்திலிருந்தே கத்திப் பழகிய குரல்:
"நான் பிரேக் அமத்தினா அவட காரும் சிவக்கோணும்,
நான் இடப்பக்கம் போட்டா அதுவும் இடப்பக்கம்."
அவட கார் என்பதில் மட்டும்
குரல் ஒரு கியர் இறங்கியது.

பஸ்ஸுக்கு இருபத்துநாலு வோல்ட்,
மாருதிக்குப் பன்னிரண்டு.
நேரே கொடுத்தால் பல்ப் எல்லாம் கறுத்துப்போகும்.
நடுவில் ஒரு கொன்வேர்ட்டர் வைத்தேன்,
அதட்டலைப் பாதியாக்கி அனுப்பும் பெட்டி.
வயருக்கு ஒரு டயோட்:
போகலாம், திரும்பி வர ஏலாது.

"பெட்டரிக்குத் தனி வயர் என்னத்துக்கு?"
இழுபடும்போது சாவி ஒரு கடி திரும்பியே இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.
சாவி விழித்திருந்தால் பெட்டரிக்கும் தூக்கமில்லை,
நுவரெலியா ஏறும்போது
கார் செத்துக் கிடக்கும் என்றேன்.
விலையைக் கேட்டவர்
யோசிக்கிறேன் என்று
பக்கத்துக் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் இறங்கினார் மெர்லின்.
இருபத்தாறு வருஷ நைட் டியூட்டிக்கு
இந்தக் காரில்தான் போய் வந்தவர்.
"மகள், இதைக் கழட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"
ரெண்டு பின், ரெண்டு சங்கிலி, ஒரு பிளக்.
ஆறு நிமிஷம்.
"இருட்டில?"
பத்து.
"கோபத்தில?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
"பதினெட்டடி பஸ்ஸுக்குள்ள
சண்டை பிடிச்சா நான் எங்க போறது?
இதுக்குச் சம்மதிச்சுத்தான் வீட்டைக் குடுத்தனான்."
பானெட்டை ஒருமுறை தொட்டுவிட்டு
மேலே ஏறிப் போனார்.

கடைக்கும் தேநீர்க்கடைக்கும் நடுவில்
ஒரு பலகைச் சுவர்தான்.

டெக்ஸ்டர் திரும்பி வந்து
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"அந்த வயரைப் போடு. தடிப்பானதாப் போடு.
எங்கயும் ஸ்டார்ட் ஆகாம
அவ நடு ரோட்டில நிக்கக் கூடாது."

பின்னேரம் மழை விட்டதும் சோதித்தோம்.
பிரேக் அமத்தினால்
சிக்னலும் மங்கலாய் முனகியது.
வயரில் பிழையில்லை, ஏர்த்தில்தான்:
வீடு திரும்ப வழி கிடைக்காத மின்சாரம்
கண்ட கண்ட பல்புக்குள் புகுந்து
கதவு தட்டிக்கொண்டிருந்தது.
சேற்றில் படுத்துப் பெயின்டைச் சுரண்டி
வெறும் இரும்பில் நட்டை இறுக்கினேன்.
மஃரிபுக்கு பாங்கு சொல்லிக் கேட்டது,
கையெல்லாம் துரு.

பிறகு எல்லாம் சரி.
பஸ்ஸில் அவர் இடப்பக்கம் போட,
ஆளில்லாத கார்
நான் இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று
மருதானைக்கே அறிவித்தது.
பின்னால் வந்த த்ரீவீல்காரன் நின்று வழிவிட்டு,
நெடுநேரமாகியும் அது திரும்பாததால்
சிங்களத்தில் ஏதோ ஏசிவிட்டுப் போனான்.
மெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
டெக்ஸ்டர் கண்ணாடியில் அதைப் பார்த்து
இன்னொரு முறை சிக்னல் போட்டார்,
சும்மா.

மாருதியின் பெட்டரியில் மீற்றரை வைத்தேன்:
பதின்மூன்று புள்ளி ஆறு.
பஸ் இரைகிற வரைக்கும்
அவருடைய டீசலில் நிறையும்
அவர் புறப்பட்டுப் போவதற்கான பலம்.
இதில் எந்த அவர் எவர் என்று
வயருக்குத் தெரியாது.

பில்லில் எழுதினேன்:
கொன்வேர்ட்டர் ஒன்று, டயோட் நாலு,
தடித்த வயர் ஒன்பது மீற்றர், பியூஸ்.
இருட்டிலும் ஒரே இழுப்பில் கழன்று வர
பிளக்குக்குக் கிரீஸ் பூசியதை
எழுதவில்லை.