மேல்கணக்கு

இராத்திரி பதினொன்றரைக்கு டிவியில் சொன்னார்கள்.
இவர் சத்தத்தைக் குறைத்தார்,
குறைத்தால் எண்ணிக்கை மாறிவிடும் என்பதுபோல.
பிறகு பழைய சந்தாக் கொப்பி ஒன்றைத் தேடி எடுத்து
பின்னட்டையில் எழுதத் தொடங்கினார்.

நம்ம வீடு, நாலு.
முதலாம் லயம் பன்னிரண்டு காம்பரா, முப்பத்தொன்று.
இரண்டாம் லயத்தில் வீரமலை வீட்டு ஐந்தும் நம்மது,
அவன் கூரைக்குத் தகரம் வாங்கிக் கொடுத்தது யார்?
சவரியம்மா வீடு மூன்று. அவள் புருஷன் செத்தபோது
மரணச் சகாயம் மறுநாளே கையில்.
கோயிலடி லயம். புது லயம். எரிந்த லயத்து ஆட்கள்,
இன்னும் பிள்ளை மடுவத்தில்தான் கிடக்கிறார்கள்,
அவர்களையும் கூட்டினார்.
நானூற்றுப் பதினேழு.

பள்ளிக்கூடத்துப் பெட்டியில் நூற்றைம்பதுகூடத் தேறாதாம்.
எண்ணுகிற இடத்தில் நின்ற பையன் போனில் அழுதான்.

இருபத்தாறு வருடம் இவர் மேல்கணக்குத் தலைவர்.
அரைப்பேர் போட்டால் ஆபீஸ் வாசலில் மழையோடு நிற்பார்.
ஆள் செத்தால் பெட்டிக்கு முன்னால் இவர்தான் நடப்பார்.
அதெல்லாம் பொய்யில்லை.
தேர்தல் வந்தால் டார்ச்சோடு லயம் லயமாய்ப் போய்
ஒரே பேச்சு: நம்ம சின்னம்.
மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை,
இவரும் சொன்னதில்லை.

எனக்கு வோட்டு வந்தபோது வயது முப்பத்திரண்டு.
அப்பாவுக்கு வரவேயில்லை.
பிரஜாவுரிமைக் கடதாசி வைத்த தகரப் பெட்டிதான்
அவர் தொட்ட ஒரே பெட்டி.
முதல் தடவை நான் போகையில் இவர்
வாசலில் நின்று மூன்று விரலைக் காட்டினார்.
மேலிருந்து மூன்றாவதில் புள்ளடி போட்டேன்.
அடுத்தடுத்த தேர்தல்களிலும்
இவர் விரலைத்தான் போட்டுவிட்டு வந்தேன்.

இந்த முறை யோகேஸ்வரி கட்டுநாயக்கவிலிருந்து
கார்மென்ட்டில் லீவு கேட்டு வந்தாள்.
பஸ்ஸில் பாதிப்பேர் சிங்களப் பிள்ளைகளாம்,
அவர்களும் இதற்குத்தான் ஊருக்குப் போனார்களாம்.
போனில் யாரோ ஒருவன் பேசுவதைக் காட்டினாள்.
சம்பளம் கூட்டுவேன் என்றான்.
எல்லோரும் சொல்வதுதான்.
அவனை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

சுவரில் ஏழு பேர்ச் காணிக் கடிதம் தொங்குகிறது.
மந்திரி கையால் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டினோம்.
இவர் பேர் இருக்கிறது, சீல் இருக்கிறது.
காணி எந்த மலையில் என்றுதான் இல்லை.
தூசி துடைக்கும்போதெல்லாம் படிப்பேன்,
எழுத்துக்கூட்டித்தான்.

"யாரும் பார்க்க மாட்டாங்கம்மா" என்றாள் யோகேஸ்வரி.
"உங்கப்பா பார்ப்பாரு" என்றேன்.

வாக்குச்சீட்டு முழங்கை நீளம்.
மூன்றாவதில் வேறு யாரோ இருந்தார்கள்.
அட்டைத் தட்டிக்குப் பின்னால் நின்று
ஒவ்வொரு படமாக இறங்கி வந்தேன்,
கொழுந்துக் கூடையோடு சறுக்கல் பாதையில் இறங்குவதுபோல.
நம்ம சின்னத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு இன்னும் கீழே போனேன்.
வெளியே வந்து பார்த்தால்
தேயிலைக் கறை ஏறிய விரலில்
மை எது என்றே தெரியவில்லை.

"சவரியம்மாதான்" என்றார் இவர், பென்சிலை அழுத்தி.
"அவ மருமகன் நாட்டுக்காரப் பையன்களோட
போஸ்டர் ஒட்டுனான்.
நாளைக்கு லோனுக்குக் கையெழுத்துன்னு வருவா இல்ல,
அப்ப பேசிக்கிறேன்."
மூன்றை அடித்தார்.
காகிதம் கிழிந்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கிவிட்டது.
இறக்கி வைத்தேன்.
உள்ளே யோகேஸ்வரி தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

"அது இல்லைங்க" என்றேன்.

"எது?"

"முதல் வரியிலிருந்து திரும்பக் கூட்டுங்க."

பென்சில் மேலே போனது.
நம்ம வீடு, நாலு.
அங்கேயே நின்றது.
இவர் என்னைப் பார்க்கவில்லை.
காணிக் கடிதத்தையும் பார்க்கவில்லை.
கொப்பியை மூடவும் இல்லை.

ஆறு மணிக்குப் பெரட்டு.
எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்,
பேர் கூப்பிட்டால் கை தூக்குவார்கள்.