வலப்பக்கம்

கிராஞ்சி நிலையத்தில் இறங்கி
ஒரே ஒரு பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றேன்.
இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுகிற ஊரில்
இந்தப் பக்கம் வர மட்டும்
எவருக்கும் அவசரமில்லை.

கோ மேடம் என் பெயரைக் கேட்கவில்லை,
கால் அளவைக் கேட்டார்.
ஒன்பது இல்லை, பத்து பரவாயில்லையா?
யாரோ கழற்றிவிட்டுப் போன ரப்பர் பூட்ஸில்
பெருவிரலுக்கு முன்னால் ஓர் அங்குலம் வெற்றிடம்.
அப்படித்தான் சேர்ந்தேன்.

அறிமுகம் செய்துவைத்தார்.
வீவக குளியலறையில் பதினான்கு வருடம் வாழ்ந்த ஆமை,
இப்போதும் ஈரச் சுவரைத் தேடி ஒட்டிக்கொள்கிறது.
முயல்கள், சீனப் புத்தாண்டுக்கு வாங்கி
மழைக்காலம் முடிவதற்குள்
வாகன நிறுத்துமிடத்தில் விடப்பட்டவை.
கூண்டைத் திறந்தால் வெளியே வந்து பார்த்துவிட்டு
திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.
பிலோமினா, தாதி. பத்தாண்டு இரவுப்பணி.
வந்ததும் மூன்று நாள் தூங்கினாளாம்,
நான்காம் நாள் எழுந்து
யாரும் சொல்லாமலே ஆட்டுக்கு நாடி பார்த்தாளாம்.

கடைசியாக, "இது கிச்சாப்" என்றார்.
சோயா சாற்றின் நிறம். நெற்றியில்
கவிழ்ந்த படகு போல் ஒரு வெள்ளை.

அந்தப் படகை எனக்குத் தெரியும்.
அப்போது அதன் பெயர் தங்கச் சூறாவளி,
ஏழாம் எண்.
என் மகளின் பாலிடெக்னிக் கட்டணம் மொத்தமும்
அதன் முதுகில் ஏறி ஓடியது.
ஐந்தாவதாக வந்தது.
ஏதோ கடைக்குப் போய்த் திரும்புவதைப் போல
ஐந்தாவதாக.

இன்று அதன் லத்தியை நான் அள்ளுகிறேன்.
பந்தயத் திடலை மூடியதில்
எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது என்றேன்.
பிலோமினா சிரிக்கவில்லை.
"உங்களுக்குத்தான் கைப்பேசியிலும் குதிரை ஓடுமே."
தாதிகளிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

கிச்சாப்புக்கு ஒரு கோளாறு.
இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும்.
அத்தனை வருடமும் இடமாகவே சுற்றிய உடம்பு.
வலப்புறம் கைக்கெட்டும் தூரத்தில் புல் இருந்தாலும்
இடமாக முக்கால் வட்டம் போட்டுத்தான் போய்ச் சேரும்.
கேரட்டைக் காட்டி அதை வலப்பக்கம் திருப்புவது என் வேலை,
காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்.
தெங்காவிலிருந்து போர் விமானம் எழும்பும்போதெல்லாம்
பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினாறாம் நாள் கேட்டேவிட்டேன்:
ஏன்டா ஐந்தாவது?
காதைத் திருப்பியது.
தும்மியது, என் சட்டை முழுக்க.
பிறகு கேரட்டுக்காகவோ, ஈயை விரட்டவோ,
கழுத்தை வலப்புறம் வளைத்து
ஓர் அடி வைத்தது.

ஓர் அடிதான்.
நான் ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவருவதற்குள்
பழையபடி சுற்றிப் போய்ப் புல் தின்றுகொண்டிருந்தது.
நான் பார்த்தேன் என்று சொன்னால்
நம்புகிற ஆட்கள் எனக்கு மிச்சமில்லை.
மேடம் சுண்ணக்கட்டியை எடுத்துப்
பலகையில் எழுதினார்: வலம், 1.

லீஸ் இன்னும் இரண்டு வருடம்.
அப்புறம் என்ன என்று கேட்டால்
குழாயை மூடிவிட்டு வா என்கிறார்.
இரவில் நீரிணைக்கு அந்தப் பக்கம்
ஜொகூர் விளக்குகள் எரியும்போது
மகளின் தொலைபேசி எண் நினைவுக்கு வரும்.
மனப்பாடம்தான். அழுத்துவதில்லை.
எண்களோடு எனக்கு இன்னும்
பேச்சுவார்த்தை சரியாகவில்லை.

இன்று சும்மா எண்ணிப் பார்த்தேன்,
ஏழு தள்ளுவண்டி லத்தி.
ஏழு!
உடனே கை சட்டைப் பையில் பேனா தேடியது.
எட்டாவது வண்டியை நிரப்பிவிட்டால்
எண் மாறிவிடும்.
லாயத்தில் அள்ள ஒன்றுமில்லை.
மண்வெட்டியோடு கிச்சாப்பின் பின்னால் போய் நின்றேன்,
இரண்டாம் முறையாக அதை நம்பி.

மெதுவாகவே ஆகட்டும், ராசா.
நின்றுகொண்டிருக்கிறேன்.