மயிரிழை

நாண் ஏற்றும்போது கேட்டது.
யாரோ பக்கத்தில் நின்று
சுண்டுவிரலில் நெட்டி முறித்ததுபோல,
அவ்வளவுதான்.

இரவு டியூட்டி முடித்து, நித்திரை கொள்ளாமல்
கிட்டங்கி தாண்டி வந்திருந்தேன்.
வெட்டு முடிந்த வயல். வரம்பில் உமிமூட்டை.
அதன் வயிற்றில் நானே கரியால் போட்ட வட்டம்.
ஒரு கொக்கு, நான் எய்தால் எழும்பலாம் என்று
பாதி எழும்பி நின்றது.

நாணை இறக்கினேன்.
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
பைக்குள் கிடந்த பஞ்சைப் பிய்த்து
வில்லின் முதுகில் மெல்ல இழுத்துக்கொண்டு போக,
பிடிக்கு மேலே நாலு விரல் தள்ளி
ஒரு நார்
பஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டது.

சம்பளத்துக்கு எலும்பு பார்க்கிறவள் நான்.
மாமரத்தால் விழுந்த பெடியன்கள்,
மோட்டார்சைக்கிளால் விழுந்த புதுமாப்பிள்ளை,
குளியலறையில் வழுக்கினேன் என்று சொல்லும் பெண்கள்.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. ஆடாதீங்கோ.
படத்தை வெளிச்சத்தில் வைத்தால்
வெள்ளைக்குள் ஒரு மயிர் கிடக்கும்.
மரத்துக்கு என்னிடம் வெளிச்சம் இல்லை.

நெடுக்கே ஓடினால் பயமில்லை,
காயும்போது விண்ணாங்கு அப்படித்தான் வாய் பிளக்கும்.
குறுக்கே ஓடினால் அடுப்புக்கு.
இது நெடுக்கே வந்து வந்து
கடைசியில், ஒரு நெல்லளவு,
குறுக்கே திரும்பியிருந்தது.

செதுக்கித் தந்த தயாசீலன் இப்போது கட்டாரில்.
போட்டோ அனுப்பினேன். குரலில் பதில் வந்தது,
பின்னால் ஏதோ மெஷின் இரைய:
"எய்யாத. முகத்தில வெடிக்கும்.
வந்து வேற ஒண்டு செய்து தாறன்."
எப்ப வருவாய் என்று கேட்கவில்லை.
அவனுக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் வேலாப்போடி ஐயா
இருமலுக்கு நெஞ்சுப்படம் எடுக்க வந்தார்.
நெஞ்சில் ஒன்றுமில்லை.
தோள்மூட்டில், சோற்றுப்பருக்கை மாதிரி,
பளிச்சென்று ஓர் இரும்பு.
"அது தொண்ணூறாம் ஆண்டு மகள்" என்றார்,
சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டே.
"எடுக்க வெளிக்கிட்டா கை போயிரும் எண்டாங்க.
கிடக்கட்டும் எண்டு விட்டன்.
மழைக்கு முதல்நாள் சொல்லும்.
வானொலியை விடத் திறம்."
படிவத்தில் எழுதினேன்: பழையது. மாற்றமில்லை.

மறுகா, பசை வாங்கினேன்.
மட்டக்களப்பு பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில்
செருப்புக் கடைக்காரர்கள் வாங்கும் அதே பசை.
வில்லை ஒரு சொட்டு வளைத்து, வாயைத் திறக்கவைத்து
ஊசியால் விட்டேன். குடித்தது.
இன்னும் விட்டேன். இன்னும் குடித்தது.
இவ்வளவு இடமா உள்ளே.

நூல் றிஸ்மியா தந்தது,
மருதமுனை, அவள் மச்சியின் தறியில் மிஞ்சியது,
சாறனுக்கு வைத்த கடும்பச்சை.
"என்னத்துக்குகா?" என்றாள்.
கட்டுப்போட என்றேன்.
யாருக்கென்று கேட்காமல் இன்னொரு கண்டும் தந்தாள்.

நோயாளிகளுக்கு ஆறு கிழமை சொல்கிறவள்
எட்டு நாளில் பொறுமையிழந்தேன்.
ஆனாலும் ஒரேயடியாக இழுக்கவில்லை.
உடைந்த கண்ணாடியால் வயிற்றுப்பக்கம் சுரண்டினேன்,
இரண்டு கையையும் சமமாக,
மடியெல்லாம் தூள்.
நாற்பது இறாத்தல் இழுத்த வில்
முப்பதுக்கு இறங்கியது.
என்னில் ஏதோ குறைந்ததுபோல் எனக்குத்தான் கூச்சம்.

முதல் அம்பு மூட்டைக்கு முன்னால்
ஒட்டு அடித்தாளில் குத்தி நின்றது.
இரண்டாவதும்.
பிறகுதான் புத்தி வந்து
பதினொரு எட்டு முன்னே போனேன்.
மூட்டைக்கு அதில் ஆட்சேபம் இல்லை.
கொக்குக்கு இருந்தது, போய்விட்டது.

இப்போதும் ஒவ்வொரு இழுப்பிலும்,
கன்னத்தில் கை வந்து சேர்ந்த பிறகு,
விடுவதற்கு முன்,
ஒரு கணம் காது கொடுக்கிறேன்.

இன்றைக்குக் கேட்டது.
வில்லா, என் தோளா,
தெரியவில்லை.
கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.