கடன் விரல்

யாத்விகாவின் மோதிர விரலும்
என் இடக்கைச் சுண்டுவிரலும் ஒரே பருமன்.
டிராம் பணிமனையில், மதியச் சாப்பாட்டு வேளையில்,
குருவிக்கால் அளக்கும் காலிப்பரை வைத்து
ரடோஸ்லாவ் இதைக் கண்டுபிடித்தான்.
பதினேழு மில்லிமீட்டர் என்றான்.
என் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
சனிக்கிழமை வா என்னோடு,
விரலை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

அவள் எண் எப்படிக் கிடைத்தது என்றேன்.
காலிப்பர் பிடிக்கக் கற்றுக்கொடு என்று கேட்டானாம்.
பறவையில் பழகாதே, பாவம்,
இதில் பழகு என்று
அவளே நீட்டினாளாம்.

க்தான்ஸ்குக்குக் கிழக்கே
கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில்
பறவைகளுக்கு வளையம் பூட்டுவது அவள் வேலை.
உச்சியில் மஞ்சள் கோடிட்ட ஐந்து கிராம் உயிர்
விடியுமுன் வலையில் விழும்.
இரு விரலிடுக்கில் அதன் கழுத்து,
காலில் ஓர் அலுமினிய எண்,
பிறகு கையை விரிப்பாள், அவ்வளவுதான்.
இறுகினால் கால் போகும்,
தளர்ந்தால் முள்ளில் மாட்டும்.
ஒருமுறை பீர் குடிக்கையில் சொன்னாள்,
யாரையும் பார்க்காமல்.

ரயில் நிலையத்துக்கு எதிரே,
மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் இடையில்
நகைக்கடை.
கையில் கிரீஸ் போகாத இரண்டு ஆண்கள்.
ஒருவன் மோதிரம் கேட்க
ஒருவன் விரல் நீட்ட
கடைக்காரி பொகுமிலா
எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்து
வாழ்த்துகள் என்றாள்.
காது மடல்வரை சிவந்தான் ரடோஸ்லாவ்.
நான் நன்றி சொன்னேன்.
பின்னே என்ன சொல்வது.

கண்ணாடிக்குள் முழுக்க அம்பர்.
தேன் நிறம், தேநீர் நிறம்.
ஒன்றுக்குள் ஒரு கொசு,
நாலு கோடி வருஷமாய் அதே இடத்தில்.
இது வேண்டாம் என்றான் உடனே,
அவள் பிடித்ததையெல்லாம் விடுகிறவள்.

வைரத்தைக் காட்டினாள்.
நான்கு நகங்கள் கவ்விய சிறு பனி.
குனிந்து ஒவ்வொரு நகமாய்
கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்,
பிரேக் கட்டையைத் தடவுவதுபோல.
வலையில் சிக்கும் என்றான்.
வலையா? என்றாள் கடைக்காரி.
சிறகிலும் சிக்கும் என்றான்.
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

என் மோதிரத்தை நான் வாங்கியபோது
விலையைக் கேட்டேன்.
விரலைக் கேட்கவில்லை.
அவள் உள்பக்கம் நூல் சுற்றிக்கொண்டாள்,
பதினோரு வருஷம்.
நூல் அழுக்கானால் மாற்றுவாள்.
அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
மேசைமேல் அவள் கழற்றி வைத்ததையும்
என் வலக்கையில் கிடந்ததையும் சேர்த்து விற்றதில்
பனிக்கால டயர் நான்கு வந்தன.
நல்ல டயர்கள். இன்னும் ஓடுகின்றன.

கடைசியில் ஒரு வெற்று வளையம்.
கல் இல்லை, பூ இல்லை,
ஓரம் மட்டும் மழுங்கச் சீவியது.
என் சுண்டுவிரலில் ஏறியது.
விளக்கடியில் திருப்பிப் பார்த்தோம் மூவரும்.
இறங்கவில்லை.

சோப்பு வந்தது. நூல் வந்தது.
கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீரும் வந்தது.
கையை உயரத் தூக்கு, ரத்தம் இறங்கட்டும் என்றாள்.
பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தவன்போல
கையைத் தூக்கி நின்றேன் பத்து நிமிஷம்.
ரடோஸ்லாவ் என் மணிக்கட்டைப் பிடித்து
மெல்ல, மெல்லத் திருகினான்.
மூன்று வருஷமாய் என் கையை
யாரும் இவ்வளவு நேரம் பிடித்ததில்லை.
இதை அவனிடம் சொல்லவில்லை.

உள்ளே என்ன பொறிக்க, பெயரா தேதியா என்றாள் பொகுமிலா.
அவன் யோசித்தான்.
வெளியே ஒரு டிராம் கடந்தது,
இடப்பக்க பேரிங் தேய்ந்த சத்தம்,
இருவருக்குமே கேட்டது.
ஒன்றும் வேண்டாம்.
எழுதினால்
கண்டெடுத்தவர் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

இது நடந்து மூன்று வாரம்.
அவளிடம் இன்னும் கேட்கவில்லை.
காற்று திசை மாறட்டும் என்கிறான்,
பறவைகள் தெற்கே போய் முடியட்டும் என்கிறான்.
சாப்பாட்டுப் பையில்
ஊறுகாய் வெள்ளரிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்தச் சிறு பெட்டி.
தினமும் மதியம் திறக்கிறான்.
குளிரில் உலோகம் சுருங்குமாமே,
எதற்கும் ஒருமுறை போட்டுப் பாரேன்.

நீட்டுகிறேன்.
என் சட்டைப்பையில் இப்போதெல்லாம்
ஒரு துண்டு சோப்பு.