பதினொரு நொடி

முதலில் நான் மட்டும்தான் பார்த்தேன்.
செக்காலை ரோட்டில் கண்ணாடிக் கடையை மூடி
ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து,
ஆறிப்போன மசாலா சீயம் இரண்டு,
சுவரில் சாய்த்து வைத்த போன்.
கடல் விலகிப் போன ஊர். அங்கே
கப்பல் வராத கலங்கரை விளக்கைத்
தினமும் துடைக்கிற பெண், தொவாகோ.
ஒன்பதாம் பாகத்தில் அவள்
ஓர் ஆரஞ்சை உரிக்கிறாள்.
பேச்சில்லை, இசையில்லை. பதினொரு நொடி.
எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று
கேட்க யாருமில்லை, அதனால்
பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு குழுவில் சேர்ந்தேன்.
நாலாயிரத்துச் சொச்சம் பேர்.
அங்கே என் பெயர் உப்புவிளக்கு.
வணக்கம் வைத்துவிட்டு
ஆரஞ்சைப் பற்றி நாலு வரி எழுதினேன்.
முதல் பதில் கருநாரை என்பவனிடமிருந்து:
“அது காசு தீர்ந்துபோன பதினொரு நொடி.
ஜன்னலில் மேகத்தைப் பார், நகராது.
ஒரே படத்தை நிறுத்தி வைத்து
உன்னை அழ வைத்திருக்கிறார்கள்.”
போய்ப் பார்த்தேன்.
நகரவில்லை.

அதன்பின் ஆரஞ்சு தெரியவில்லை. மேகம்தான்.

மூலக்கதை படித்த இன்னொருவன்
கடைசியில் யார் சாவார் என்று
போகிற போக்கில் சொல்லிப் போனான்,
பாயசத்தில் ஈ கிடக்கு என்று
பந்தியில் பக்கத்து இலைக்காரன் சொல்வது மாதிரி.
ஜப்பான் குரலா, டப்பிங் குரலா என்று
மூன்று நாள் சண்டை.
நானும் போட்டேன்.
ஜப்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
வியாழன் வந்தால்
என்ன எழுதலாம் என்று யோசித்தபடியே பார்த்தேன்.

கடையில் வில்லையை மாற்றி மாற்றி
இது தெளிவா, இது தெளிவா என்று கேட்கும்போது
சிலர் வியர்த்துப் போவார்கள்,
தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று.
அவர்கள் கண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன்.
அந்தப் பயம் எனக்கு விளங்கிய வருடம் அது.

ஆனாலும் தாஷ்கெண்டில் இருக்கிற ஒருத்தி
சொல்லாமல் இருந்திருந்தால்,
ஆரஞ்சுத் தோலில் விளக்கின் சுற்றொளி
இரண்டு முறை வந்து போவதை
நான் பார்த்திருக்கவே மாட்டேன்.
இதையும் சொல்ல வேண்டும்.

கடைசிப் பாகத்தை
எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்பதாக ஏற்பாடு.
தொவாகோ படியேறுகிறாள்.
நானும் கருநாரையும் கை ஓயாமல்
ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.
கரண்ட் போனது. வைஃபையும்.
ஐந்து விளக்கில் ஐந்தும் இல்லை.
மொட்டை மாடிக்கு ஓடி, சிக்னல் பிடித்து
“கரண்ட் போச்சு” என்று அனுப்பினால்
அதற்கு நேர் மேலே, அதே நிமிடம்,
கருநாரை: “கரண்ட் போச்சு.”
ரெண்டு பேரும் ஒரே வீடா என்று
யாரோ கேட்க, குழு சிரித்தது.
“காரைக்குடி” என்று எழுதினான்.
நான் எதுவும் எழுதவில்லை.
கழனிவாசல் பக்கம் ஒரு மாடியில்
கையளவு வெளிச்சம் அங்கும் இங்கும் நடந்தது.
அவனாக இருக்காது.
எத்தனையோ மாடி இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் ஒருவன் கடைக்கு வந்தான்.
பில்லுக்குப் பெயர் சாத்தப்பன். வயது இருபத்தாறு.
போனின் முதுகில் சின்னதாய்
ஒரு கலங்கரை விளக்கு, ஓரம் உரிந்து.
வில்லையை மாற்றினேன்.
இது தெளிவா? இது தெளிவா?
“தெரியலைங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு.”
எட்டு மாதத்தில்
எதைப் பற்றியும் அவன் அப்படிச் சொல்லி
நான் படித்ததில்லை.
கேட்க வாய் வரை வந்தது.
செவ்வாய்க்கிழமை வாங்க, ரெடியா இருக்கும் என்றேன்.

அன்று இரவு குழுவை ஊமையாக்கிவிட்டு
ஒன்பதாம் பாகத்தை மறுபடி வைத்தேன்.
மேகம் நகரவில்லை. அவன் சொன்னது சரி.
நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.
தோல் ஒரே சுருளாய் இறங்கியது.
எட்டுக்கு மேல்
எண்ணிக்கை தவறிவிட்டது.